வேகவர்மர் கொடுத்த வேகம்

இப்போதெல்லாம் வீட்டில் ஒன்று கெட்டுப்போனால் யாருக்கும் கோபம் வருவதில்லை. பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறார்கள். "உங்க வீட்ல நெட்டு வருதா?" என்று ஒரு கேள்வி. "எங்க வருது, காலையில இருந்து சுத்திக்கிட்டே கெடக்கு" என்று பதில் வந்துவிட்டால் போதும், அப்பாடா என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் கெட்டிருக்கிறது என்றால் அவர்களுக்கு அது நல்ல செய்தி. மனிதர்களின் இந்தக் குணத்தை நம்பித்தான் இழைநாடு என்றொரு நாடு நடந்துகொண்டிருந்தது.

இழைநாட்டில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் வைப்பார்கள். எப்படிப் போட்டாலும் வேகவர்மர்தான் வருவார். வீட்டுக்கு வீடு இணையம் தருவேன், நினைப்பதற்குள் வந்து நிற்கும் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி வீட்டுக்கு வீடு கம்பி வந்தது. பச்சை விளக்கு மின்னுகிற, திரை வைத்த பெட்டி வந்தது. இணையம் மட்டும் முட்டிவலிக்காரன் மாடி ஏறுவது போல வந்தது. எனக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்தேன். அதற்கு நன்றாகவே பயன்பட்டது.

இந்த இணையத்துக்குள்தான் அரசாங்கம் முழுவதையும் தூக்கிப் போட்டார்கள். அரிசி வேண்டுமா, அதில் கேள். பிள்ளை பிறந்ததா, அதில் சொல். ஆள் செத்தானா, அதையும் அதில்தான் சொல்ல வேண்டும். திரையில் அந்த வட்டம் சுற்றி முடியும்வரை பிணம் காத்திருக்க வேண்டும். போதாததற்கு, எல்லாப் பெட்டியிலும் மன்னரின் முகம் எந்நேரமும் ஓட வேண்டும் என்று ஒரு சட்டம். மன்னர் குழந்தையைத் தூக்குவார், ஏர் பிடிப்பார், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் தெருவில் பூமயில் என்று ஒருத்தி. முன்பக்கம் நெல்லும் மாவும் அரைக்கிற மில், பின்பக்கம் வீடு. புருஷன் போன பிறகு அந்த மில்லை ஓட்டித்தான் சாப்பிட்டாள். ஒரு நாள் அவள் கதவில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்தத் தெருவில் இணையத்தின் வேகம் குறைவாக இருப்பதால், வேகக் கோபுரம் கட்ட வீடும் மில்லும் இடிக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் இணையத்தின் வழியே நேரில் தோன்றிச் சொல்லலாம்.

சொல்லலாம்தான். அதற்கு இணையம் வர வேண்டுமே. அந்த வாரம் இணைப்பு அமைச்சர் அலையடக்கியார் ஊருக்கு வந்தபோது, அவருடைய பல்லக்கை மறித்துக்கொண்டு நின்றாள் பூமயில்.

"ஐயா, நெட்டு நகர மாட்டேங்குது. இதுல நான் எப்படிப் பேசி வீட்டக் காப்பாத்துறது?"

அமைச்சர் கண்ணை மூடி யோசித்தார். "தாயே, பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?"

"பாத்தாச்சுய்யா. அணைச்சு அணைச்சுப் போட்டு சுவிட்சே தேஞ்சு போச்சு."

"தனித்தனியாகச் செய்தால் பலன் வராது. இது தேசியப் பணி" என்றார் அவர்.

மறுநாள் முரசு அறைந்தார்கள். நாட்டு மக்கள் அனைவரும் பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் போட வேண்டும். போட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் விழித்து, மன்னர் முகத்தை முதலிலிருந்து இழுக்க ஆரம்பித்ததில், கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. மக்கள் முணுமுணுத்தார்கள். மன்னர் சும்மா இருப்பாரா? காலையில் அலையடக்கியாரைப் பதவியிலிருந்து தூக்கினார். சாயங்காலம் அவரையே மறுபடி அமைச்சராக்கினார். அமைச்சரையும் அணைத்துப் போட்டாயிற்று, இனிக் குறை இருக்காது என்று அறிக்கை வந்தது.

குறை இருந்தது. ஆகவே வேகத்தை அளக்க ஒரு குழு போட்டார்கள். குழுவினர் அரண்மனைச் சுவரோரம் பந்தல் போட்டு, இளநீர் குடித்துக்கொண்டு அளந்தார்கள். இணையம் மின்னல் போல் பாய்கிறது, குடிமக்களின் சுவர்கள்தான் அதைத் தடுக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் பெட்டியைக் கூரை மேல் ஏற்ற வேண்டும் என்று அடுத்த ஆணை. ஏற்றினார்கள். மழை பெய்தது. பாதிப் பெட்டிகள் செத்தன. புதுப் பெட்டி வேண்டுவோர் இணையத்தில் கேட்கலாம் என்றார்கள்.

இதற்குப் பிறகும் சிலர் குறை சொன்னதால், திரையில் சுற்றும் வட்டத்தையே நாட்டின் சின்னமாக்கினார் மன்னர். அது சுற்றும்போது எழுந்து நிற்க வேண்டும். நின்றார்கள். சமைக்கிறவள் கரண்டியோடு நின்றாள், சாப்பிடுகிறவன் எச்சில் கையோடு நின்றான். கால் வலிக்கிறது என்று சொன்னார்களே தவிர, எதற்கு நிற்கிறோம் என்று ஒருவனும் கேட்கவில்லை.

பூமயிலின் விசாரணை நாள் வந்தது. திரையில் விசாரணை அதிகாரி பொறுமைநாதர் துண்டு துண்டாகத் தெரிந்தார். "பூமயில்... வீட்டை... சம்மதமா?" என்றார். இவள் சம்மதமில்லை என்று கத்தித் தலையை ஆட்டினாள். தலை கீழே வந்த இடத்தில் படம் உறைந்துபோனது. அதிகாரி பார்த்தார். தலை குனிந்திருக்கிறது, சத்தமும் இல்லை. சம்மதம் என்று முடித்துவிட்டார். இனி ஒரே ஒரு மேல்விசாரணைதான் பாக்கி.

அதற்கு முன்னால் ஒரு நாள் பெருங்காற்று அடித்து ஊரெல்லாம் கரண்ட் போயிற்று. அரைக்க நெல் வந்து கிடந்ததால் பூமயில் மில்லின் ஜெனரேட்டரைப் போட்டாள். கூடவே பெட்டியின் பச்சை விளக்கும் எரிந்தது. இணையம் என்றால் அப்படியொரு இணையம். திரையில் மன்னர் கடலைப் பார்த்து நின்றார். அலைகூடத் திக்காமல் அடித்தது. இவளுக்குப் பொட்டில் அடித்தது போல் விளங்கிவிட்டது. மற்ற வீட்டுப் பெட்டிகள் அணைந்து கிடக்கின்றன. ஒரே முகத்தை ஊரெல்லாம் இழுப்பது நின்றதும் கம்பியில் இடம் வந்துவிட்டது.

மேல்விசாரணை அன்று காலையில் வீடு வீடாகப் போனாள்.

"மன்னர் மொகத்த அணைக்கச் சொல்றியே பூமயிலு, புடிச்சிட்டுப் போயிட்டான்னா?" என்றாள் எதிர்வீட்டுச் செவந்தி.

"பெட்டிய அணைக்கச் சொன்னதே அமைச்சருதான்க்கா. முரசடிச்சுச் சொன்னாங்க. அணைச்சா எப்ப போடணும்னு யாராச்சும் சொன்னாங்களா? அரைமணி நேரம் கழிச்சுப் போடுங்க."

சைக்கிள் கடை மாசிலானுக்கு வேறு கவலை. "அந்நேரம் பாத்து எங்க மாமியா போன்ல மொகத்தக் காட்டிப் பேசுவாங்களே!"

"அதுக்காகவாச்சும் அணையேன்டா" என்றாள் செவந்தி.

தெரு முழுக்க அணைத்தார்கள். அக்கம்பக்கத்துத் தெருக்களும் அணைத்தன. பூமயில் தன் பெட்டியைப் போட்டாள். திரையில் பொறுமைநாதர் பளிச்சென்று தெரிந்தார். உறைந்த முகங்களையே பார்த்துப் பழகியவர், தன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"தின்னுட்டே கேளுங்கய்யா, பரவாயில்ல" என்றாள் பூமயில்.

அவருக்குப் புரையேறியது. "அம்மா, நீங்கள் பேசுவது கேட்கிறது!"

"கேக்கணும்னுதானய்யா பேசுறேன்."

"முழுவதும் கேட்கிறது. ஒரு குடிமகள் முழுதாகப் பேசினால் என்ன செய்வது என்று எங்கள் விதியில் இல்லையே." பாவம், அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"நான் சொல்றேன் என்ன செய்யணும்னு. வேகம் இல்லன்னுதானே என் வீட்ட இடிக்கிறீங்க? இந்தா வேகம். என் மில்ல விட்ருங்க. நான் தலைய ஆட்டல, நல்லாப் பாத்துக்கங்க. சம்மதம் இல்ல."

அவர் முன்னே பின்னே பார்த்தார். வேகம் இருக்கிறபடியால் கோபுரம் ரத்து என்று அறிவித்தார். பூமயில் திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மில்லுக்குள் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு. சாயங்காலமே முரசு வந்துவிட்டது. மாமன்னர் வேகவர்மரின் அருளால் எங்கள் தெருவுக்கு வேகம் வந்துவிட்டதாம். மன்னர் இன்று இது குறித்துப் பேசுவாராம். நாளை ஓட்டாம்.

தெருவே வெளியில் வந்து கைதட்டியது. "சும்மா சொல்லக் கூடாது, செஞ்சு காட்டிட்டாருய்யா" என்றான் மாசிலான்.

பூமயில் வாயைப் பிளந்தாள். "அடப்பாவி, நீதான்டா ஒன் பெட்டிய அணைச்ச!"

"நான் அணைச்சேன், இல்லேங்கல. வேகத்தக் குடுத்தது அவருதானே?"

மன்னர் பேச்சைக் கேட்க ஓடிப்போய் எல்லாரும் பெட்டியைப் போட்டார்கள். அணைத்திருந்த அத்தனை பெட்டியும், கூரை மேல் பிழைத்துக் கிடந்ததும் சேர்ந்து விழித்தன. மன்னர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தெருவில் வீட்டுக்கு வீடு எழுந்து நின்றார்கள்.

நிற்கும்போதே தெருமுனையில் இடிக்கிற வண்டி திரும்பியது. வேகம் மறுபடி குறைந்துவிட்டதாம். கோபுரம் அவசரமாம்.

பூமயில் செவந்தி வீட்டுக்கு ஓடினாள். "யக்கா, இன்னொரு தடவ அணைங்கக்கா. கொஞ்ச நேரம். நான் அந்த ஆபீசர்கிட்டப் பேசிடுறேன்."

செவந்தி நகரவில்லை. "மன்னர் பேசிட்டு இருக்காரும்மா. நடுவுல அணைச்சா மரியாதையா இருக்குமா?"

"அவரு எங்கக்கா பேசுறாரு? வாயப் பொளந்துட்டு நிக்கிறாரு!"

"பேசுவாரு. பொறு."

மாசிலானிடம் ஓடினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்கு ஓட்டு முடியட்டும் பூமயிலு. ஒரு தடவ குடுத்தவரு, மறுதடவ குடுக்க மாட்டாரா?"

அவள் மில்லுக்குத் திரும்பி, நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தெருவுக்கு இழுக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை; வட்டம் சுற்றும்போது நகரக் கூடாதே. கடைசி மூட்டை வெளியில் வந்ததும் வண்டி மில்லின் தகரத்தில் கை வைத்தது.

"பெரியவரே, நீங்களும் வந்து நில்லுங்க" என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள் செவந்தி. "இந்தக் கோபுரம் மட்டும் வந்துட்டாப் பாருங்க, நம்ம எல்லாருக்கும் விடிஞ்சிரும். நம்பணும்."

"நீ நம்பு தாயி" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டு நடந்தேன்.