நீலப் பலகை நடந்த தூரம்

வாஸ்து நாளுக்கு முந்தின தினம்தான் பாலச்சந்திரன் முதல்முறையாக டேப் பிடித்து அளந்தார். நூறு மீட்டர் வரவில்லை.

கடக்வாஸ்லா அணையைத் தாண்டி ஒரு கிராமத்தில், தண்ணீர் தெரிகிற மாதிரி அவர் மனை வாங்கியிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு நீலப் பலகை நின்றது. அந்த இடத்தில் மண்ணுக்கடியில் பழைய சுங்கச் சாவடியின் அஸ்திவாரம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னம், அதிலிருந்து நூறு மீட்டருக்குள் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது என்று அதில் மராத்தியில் எழுதியிருந்தது. மேலே பார்த்தால் வெறும் புல். நிலத்தை விற்றவர், அது எங்கேயோ இருக்கிறது என்று கையை வீசிவிட்டார். ஊரார் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் பாலச்சந்திரனுக்கு ஐ.டி. கம்பெனியில் சம்பளம். சொந்த விஷயத்தில் மட்டும் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

மனைவி மல்லிகாவுக்குக் கோந்த்வாவில் இருந்த வாடகை வீடு அலுத்துப் போயிருந்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும். பூமி பூஜைக்காகக் கோயமுத்தூரிலிருந்து உறவு ஜனம் வேறு ரயிலேறிவிட்டது.

"ஏனுங்க, வாஸ்து பகவான் கண்ணு முழிக்கறதே வருசத்துல எட்டு நாளுங்க. நாளைக்கு விட்டா அவரு மறுக்காப் படுத்துக்குவாரு" என்றாள்.

பலகை எப்படியும் சாய்ந்துதான் நிற்கிறது, அதை நிமிர்த்தி வைப்பது ஒரு பொதுச்சேவை என்று பாலச்சந்திரன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் பிடுங்கினார். நிமிர்த்துகிற சாக்கில் நன்றாகத் தள்ளிப் போய், ஒரு ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நட்டார்.

கொட்டகை சுனிலுடையது. மழைக்கு முன் அதற்குச் சுவர் எழுப்ப அவர் அப்போதுதான் கல் இறக்கியிருந்தார். சுனில் சண்டைக்கு வரவில்லை. பலகையைத் தூக்கி வந்து பாலச்சந்திரனின் மனை வாசலிலேயே, இனி யாரும் பிடுங்க முடியாதபடி, ஆழமாக நட்டுவிட்டுப் போனார்.

காலையில் உறவுக்காரர்கள் வேனில் வந்து இறங்கும்போது அதை மறைக்க வேறு வழி தெரியவில்லை. மல்லிகா ஒரு மஞ்சள் வேட்டியைப் பலகை மேல் சுற்றிக் கட்டினாள். பூஜைக்கு வந்த சாஸ்திரிகள் அதைப் பந்தக்கால் என்று நினைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாவிலை கட்டிவிட்டார். அந்த வழியாகப் போன ஊர்ப் பெண்கள், மதராசிகளின் சாமி போலிருக்கிறது என்று ஊதுபத்தி ஏற்றினார்கள். பூஜை முடிவதற்குள் தேங்காய் உடைக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பலகையை நட்ட சுனிலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேட்டி விலகி நீலம் தெரிய யாரோ எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி, தொல்லியல் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மதியம் ஜீப் வந்தது. இறங்கியவர் ராஜஸ்ரீ, புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. ஜீப்பை ஓட்டி வந்த முகமது ரஃபீக் கிர்க்கியில் பிறந்து வளர்ந்த தமிழர், பழைய டிரைவர். மல்லிகா நீட்டிய சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார்.

ராஜஸ்ரீ வேட்டியை உருவினார். கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன. பலகை முதலில் எங்கே இருந்தது என்று கேட்டார்.

சுனில் வானத்தைப் பார்த்தார்.

ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்று சொன்னால் போதும், பாலச்சந்திரனுக்கு வீடு உண்டு. சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். அந்தப் பக்கம் இறக்கி வைத்திருந்த கல் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. தான்தான் நகர்த்தியது என்று ஒப்புக்கொண்டார்.

"போச்சுங்களா?" என்றாள் மல்லிகா.

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், பிடுங்கிய அதே குழியில் நட்டு, காலால் மிதித்து மண்ணை இறுக்கினார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். கூடவே மனசு லேசானதும் உண்மை. ராஜஸ்ரீ இந்த ஒரு தடவை விட்டுவிடுவதாகச் சொன்னார். சுனில் ஓடி வந்து பாலச்சந்திரனைக் கட்டிக்கொண்டார்.

ரஃபீக் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து பலகையைப் பார்த்தார். பிறகு பாலச்சந்திரனின் மனையைப் பார்த்தார்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா இதுவும் அதோட இடம் இல்ல. மொத மொதல்ல இந்தப் பலகைய ஏத்திட்டு வந்து நட்டதே நான்தான்... இப்ப பூஜைக்குக் குழி வெட்டியிருக்கீங்களே, அங்கதான்."