சாரைப்பாம்பும் ஃப்ளூ காய்ச்சல் ஊசியும்

ஒரு காட்டில் செல்போன் டவர் வந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. அந்தக் காட்டில் தணிகாசலம் என்றொரு முயல், தன் மனைவி அம்சவேணியோடு ஒரு புதரடியில் குடியிருந்தான். தணிகாசலத்துக்கு மூச்சிழுப்பு உண்டு. ஓட்டமே பிழைப்பாக இருக்கிற ஜாதியில் பிறந்து இழுப்பும் இருந்தால் என்ன பாடு என்று விளக்கத் தேவையில்லை.

போன வருடம் மழையோடு ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் அவன் புதரைவிட்டு எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா அம்சவேணியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி வந்தா இவர் நெஞ்சு தாங்காதும்மா. அடுத்த மழைக்கு முன்னாடி ஊசி போட்டுடணும்" என்று சொல்லியிருந்தார்.

நர்ஸம்மா ஒரு முள்ளம்பன்றி. பெயர் திரிபுரசுந்தரி. 'ஊசியைச் சொந்தமாகக் கொண்டுவருவார், அரசுக்குச் செலவு மிச்சம்' என்று மேலதிகாரி யானை கோப்பில் எழுதித்தான் அவருக்கு வேலையே கிடைத்தது. அதனால் ஒவ்வொரு முகாமிலும் முதல் அரை மணி நேரம், "இது என் முள் இல்லைங்க, உறை பிரிச்சுப் போடற புது ஊசி, ஒருத்தருக்கு ஒண்ணு" என்று விளக்குவதிலேயே அவருக்குத் தொண்டை வறண்டுவிடும்.

இந்த வருட முகாம் மருதமரத்தடியில் நடந்தது. ஐஸ் பெட்டியில் மருந்து. பெட்டி தாங்குவது ஆறு நாள். நர்ஸம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கும். லேசா காய்ச்சலடிக்கலாம், உடம்பு அசதியா இருக்கலாம். பத்து லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஒவ்வாமை வரும். அதுக்குத்தான் அரை மணி நேரம் இங்கேயே உக்காரச் சொல்றேன், மாத்து மருந்து கையிலயே வச்சிருக்கேன். இந்த ஊசி போட்டா காய்ச்சலே வராதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். வந்தாலும் அநேகமா ஆளைச் சாய்க்காது."

வரிசையில் முதல் ஆள் தணிகாசலம். அம்சவேணி பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். படிவத்தில் நாலாவது கேள்வியில் அவன் காது நிமிர்ந்தது.

"முட்டை ஒத்துக்குமான்னு கேட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"இந்த மருந்தைக் கோழிமுட்டையில வளர்த்து எடுக்கறாங்க. அதான்."

"அம்சா, கெளம்பு. நாம ஏழு தலைமுறையா சைவம்."

"போன வாரம் ஈசலோட சேர்த்துப் புல்லை மென்னீங்களே, அப்ப எங்க போயிருந்தாங்க அந்த ஏழு தலைமுறையும்?"

"அது தெரியாம தின்னது."

"இது தோள்ல போறது. வாய்க்குத் தெரியவா போவுது?"

பின்னால் நின்றிருந்த சாரைப்பாம்பு தலையை நீட்டியது. சாரநாதன் என்று பெயர். "முட்டையில செஞ்சதா? எனக்கு ரெண்டு. ஊசியெல்லாம் எதுக்கு நர்ஸம்மா, அப்படியே வாயில ஊத்துங்க."

"ஒண்ணுதான். ஊசிதான். கையைக் காட்டுங்க" என்றார் நர்ஸம்மா, பழக்கதோஷத்தில்.

சாரநாதன் தன் உடம்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். படிவத்தில் 'இடது தோள்பட்டை' என்று அச்சடித்திருந்தது. நர்ஸம்மா அதற்குப் பக்கத்தில் 'தோராயமாக' என்று எழுதிவிட்டு, குத்தவேண்டிய இடத்தில் குத்தினார். அடுத்து கலியபெருமாள் என்ற புள்ளிமானும் போட்டுக்கொண்டார். இந்த அமளியில் தணிகாசலம் நழுவிவிட்டான்.

மூன்றாம் நாள் சாரநாதனுக்குத் தோல் உரிந்தது.

அவருக்கு அது வழக்கம்தான். வருடத்துக்கு நாலைந்து தடவை உரியும். ஆனால் அன்று ஏழு தவிட்டுக்குருவிகள் வந்து, "என்னாச்சுண்ணே?" என்று கேட்டன. அந்த ஏழும் அக்கா தங்கைகள். ஏழு பேருக்கும் ஒரே செல்போன். சாரநாதன் போகிற இடமெல்லாம் எல்லோரும் ஓடிப்போய்த்தான் பழக்கம். யாரும் அவரிடம் வந்து நலம் விசாரித்ததில்லை. மனுஷர் உருகிப்போனார்.

"ஊசி போட்டதுலேருந்தே ஒரு மாதிரியாதான் இருந்துச்சும்மா" என்றார்.

போதாதா? 'நம்ம காடு நம்ம சொந்தம்' குரூப்பில் ஏழு குருவிகளும் ஒரே நேரத்தில் பேசிய குரல் பதிவு வந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம் வந்தது. கூடவே முள்செடியில் தொங்கும் தோலின் படம். மதியத்துக்குள் கலியபெருமாளின் கொம்பு வேறு விழுந்துவிட்டது.

மறுநாள் மருதமரத்தடியில் ஐஸ் பெட்டியும் நர்ஸம்மாவும் மட்டும் இருந்தார்கள். அவர் வீடு வீடாகப் போனார்.

"பாம்புக்குத் தோல் உரியும். மானுக்குக் கொம்பு விழும். கலியபெருமாள் சார், போன வருஷமும் உங்களுக்கு விழுந்துச்சுல்ல?"

"அது வேற மாதிரி விழுந்துச்சு" என்றார் கலியபெருமாள்.

"ஒண்ணுமில்லாததுக்கு நர்ஸம்மா ஏன் இப்படி அலையறாங்க?" என்று குருவிகள் கேட்டன. அதுவும் குரூப்பில் போனது.

மேற்கே மேகம் கட்டியது. தணிகாசலம் புதருக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, "தோலு மொத்தமும் கழண்டுட்டா உன் பக்கத்துல நான் எப்படிப் படுப்பேன், சொல்லு" என்றான். சொல்லும்போதே லேசாக மூச்சு வாங்கியது. அம்சவேணிக்குப் போன வருடத்துப் பதினோரு நாளும் கண்ணுக்குள் வந்து நின்றன. பெட்டியில் ஐஸ் இன்னும் இரண்டு நாள்.

அவள் எழுந்து சாரநாதனின் புற்றுக்குப் போனாள். ஒரு முயல் தானாகப் பாம்பைத் தேடிப்போனது அந்தக் காட்டில் அதுதான் முதல் தடவை. இருபது அடி தள்ளி, ஓடுவதற்குத் தோதாகத் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள்:

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இது எப்பவும் உரியறதுதானே?"

"உரியறதுதான் தங்கச்சி."

"அதைக் குருவிங்ககிட்ட சொல்லிடுங்களேன். எங்க வீட்டுக்காரர் உயிர் அதுலதான் இருக்கு."

சாரநாதன் தலையைத் தொங்கப்போட்டார். "சொல்லிப் பாத்தேன்மா. 'பாவம், மூளையும் பாதிச்சிருக்கு'ன்னு அதையும் அனுப்பிட்டாளுங்க."

அம்சவேணி அவரைப் பார்த்தாள். புதுத்தோலில் வெயில் பட்டு உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. மேலே கிளையில் ஏழு குருவிகளும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆனால் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"ஆனா ஒண்ணுண்ணே. உங்களுக்குப் பத்து வயசு குறைஞ்சாப்புல இருக்கு."

அதில் பொய் ஏதும் இல்லை.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் மருதமரத்தடியில் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டுவிட்டது. காட்டெருமை, நரி, மயில், காட்டுப்பன்றியின் குடும்பம் முழுவதும். மேலதிகாரி யானை, ஆய்வு என்ற பெயரில், தன் சுருக்கங்களோடு வரிசையின் முன்னால் வந்து நின்றார். கலியபெருமாள் தன் மொட்டைத் தலையில் முளைவிடும் இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "வெல்வெட்டு மாதிரி வருது பாருங்க."

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கடமை தவறாதவர். "நல்லாக் கேட்டுக்குங்க. இது காய்ச்சலுக்கான ஊசி. தோல் உரியாது. சுருக்கம் போகாது. கொம்பு முளைக்காது. கை வலிக்கும்" என்று கத்தினார்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்தது.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றது நரி.

தணிகாசலமும் வந்தான். அவன் காது நுனியில் கொஞ்சம் நரை இருந்தது. இரண்டு காட்டுப்பன்றிகளுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து தோளைக் காட்டினான்.

"ஏங்க, ஏழு தலைமுறை?" என்றாள் அம்சவேணி.

"மருந்துன்னா தோஷமில்லடி."

அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எல்லோருக்கும் தோள் வலித்தது. "வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு" என்று பூரித்துப்போனார்கள்.

மூன்று வாரம் கழித்து மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. காட்டெருமை ஒரு நாள் படுத்தது. தணிகாசலத்துக்கும் வந்தது. இரண்டு நாள் தும்மினான். அம்சவேணி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடியே இருந்தாள். முயல் காது, நன்றாகவே கேட்கும். இழுப்பு இல்லை. மூன்றாம் நாள் எழுந்து, புல் சரியில்லை என்று குறை சொன்னான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மழை விட்டதும் மருதமரத்தடியில் மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை புகார் கொடுக்க. அறுபத்தொரு மனு. 'கீழே கையொப்பமிட்டுள்ள எனக்கு வாக்களிக்கப்பட்ட பக்கவிளைவு எதுவும் ஏற்படவில்லை. தோல் அப்படியே இருக்கிறது. தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும்.' யானையின் மனு மட்டும் இரண்டு பக்கம்.

கடைசியாகத் தணிகாசலம் மனுவை வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"நரை ஒண்ணுகூடப் போகல நர்ஸம்மா. இது அநியாயம்."

நர்ஸம்மா மனுவை வாங்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"மலையடிவாரத்துலேருந்து. ஆபீஸ் மூடிடுமேன்னு ஒரே ஓட்டம், எங்கேயும் நிக்கல. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றார் திரிபுரசுந்தரி. "தேதி போட மறந்துட்டீங்க. போடுங்க."

*

நீதி: புகார் மனு எழுதுவதற்கு ஆள் உயிரோடு இருக்கவேண்டும். ஆகவே, ஊசியைப் பற்றிப் புகார் செய்ய விரும்புவோர் மழைக்கு முன்பே தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளவும்.