வீரய்யாவைப் பற்றிய அறிக்கைகள்

"இதையெல்லாம் கண்ணால் பார்த்தீரா?" என்று நீதவான் கேட்டார்.

"பார்த்தேன் ஐயா" என்று சொல்லிவிட்டார் பத்திநாதன்.

பார்க்கவில்லை. நாக்கில் சனி. கத்தோலிக்க நாக்காயிற்றே என்று சனி ஒதுங்கிப் போவதில்லை.

தண்டனைக்குப் பதிலாக 'நன்னடத்தை'யில் விடப்படும் பிள்ளைகளைத் தோட்டந்தோட்டமாகப் போய்க் கண்காணிப்பதற்கு அதிகாரிகள் உண்டு. அந்த அதிகாரிகளைக் கண்காணிப்பது பத்திநாதனின் வேலை. அவர்கள் தமிழில் எழுதித் தரும் அறிக்கையை ஆங்கிலத்தில் பெயர்த்து, 'நேரில் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு நீதவானிடம் நீட்டுவார். சரிபார்க்க மலையேற வேண்டும். மலையில் அட்டை இருக்கிறது. பேய்க்கும் பயப்படாத மனுஷனுக்கு அட்டை என்றால் மட்டும் உள்ளங்கால் கூசும்.

இந்த அறிக்கை கல்லுமேட்டுத் தோட்டத்து வீரய்யாவைப் பற்றியது. பதினைந்து வயது. விடிய விடிய ஆடிய காமன் கூத்துக்கு மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பத்தொன்பது பேரைக் காணவில்லை. பத்தொன்பது பேருக்கும் காய்ச்சல் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. பெரிய கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க முடிந்ததுதான் வினையாயிற்று. டிஸ்பென்சரின் எழுத்தை இருபது வருஷமாக எவரும் வாசித்ததில்லை. அத்தனை துண்டையும் எழுதியது வீரய்யா.

நீதவான் அவனை ஆறு மாதம் நன்னடத்தையில் விட்டார். பொறுப்பு லியனார்ட் என்ற இளம் அதிகாரிக்குப் போனது. அதுவரை லியனார்டின் அறிக்கைகள் "பையன் பரவாயில்லை" என்ற அளவில் நிற்கும். இப்போதோ முத்து முத்தான எழுத்தில் இரண்டு பக்கம் வந்தது. வீரய்யா விடியுமுன் எழுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் சாக்கடைக் கானைச் சுத்தம் செய்கிறான். முடியாதவர்களுக்குத் தண்ணீர் தூக்கித் தருகிறான். மாலையில் லயத்தாருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறான். லியனார்ட் புதுப் பேனா வாங்கியிருப்பான் போலும் என்று பத்திநாதன் மகிழ்ந்து போனார். மகிழ்ச்சியில், பெயர்த்த ஆங்கிலத்தையும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்.

நீதவான் அசந்து போனார். ஆனால் எச்சரித்தும் வைத்தார். தவணை முடியும்போது இதில் ஒரு வரி பொய்யென்று தெரிந்தாலும் பையன் மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவான் என்றார். பத்திநாதன் எங்கே போவார் என்பதை அவர் சொல்லவில்லை.

பத்திநாதன் லியனார்டைக் கூப்பிட்டு, அடுத்த அறிக்கையில் சற்று அடக்கி வாசிக்கும்படி சொன்னார். லியனார்ட் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த அறிக்கை ஒரே பக்கம்தான். வீரய்யா லயத்துத் திண்ணையான இஸ்தோப்பில் பள்ளிக்கூடம் வைத்து, கைநாட்டு வைக்கும் பன்னிரண்டு பெண்களுக்குத் தங்கள் பேரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறானாம்.

பத்திநாதன் இனி லியனார்டை நம்புவதாயில்லை. உண்மையைக் கண்டு வரும்படி இன்னொரு அதிகாரியான பெற்றீசியாவை அனுப்பினார். அந்தப் பெண் நேர்மைக்குப் பேர் போனவள். அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நாலு பிள்ளைகளை மேய்த்து அலுத்துப் போயிருந்தாள். "எல்லாம் நெசந்தான் சேர்" என்று மட்டும் வந்து சொன்னாள். மறுவாரம் அவளுடைய அறிக்கைகளும் முத்து முத்தாக வந்தன. துரை பங்களாக் கண்ணாடியை உடைத்தவன் பங்களாப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். சேவல் திருடிய அழகன் லயத்துக் கோழிகளையெல்லாம் பொழுது சாய எண்ணி அடைக்கிறான். கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண், எழுத்து அழகாகத்தானே இருக்கும் என்று பத்திநாதன் நினைத்துக்கொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். நீதவான் கொழும்புக்கு எழுதிவிட்டார். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், இருபதாம் தேதி எல்லோருமாகக் கல்லுமேட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம், அதற்கு முன் மேலதிகாரியான பத்திநாதனின் அறிக்கை வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வேறு வழியில்லை. பத்தொன்பதாம் தேதி விடிய வெகுநேரம் இருக்கையிலேயே பத்திநாதன், அட்டை ஏறாதிருக்க முழங்கால்வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நல்லதண்ணி பஸ் ஏறினார். இறங்கி மூன்று மைல் நடந்தார். பொய்யென்று தெரிந்தால் பையனுக்காக நீதவானின் காலில் விழுவதா, ராஜினாமாக் கடிதம் எழுதுவதா என்று யோசித்துக்கொண்டே ஏறியதில் மூன்று அட்டை ஏறியதும் தெரியவில்லை.

லயத்துக் கான் பளிச்சென்று இருந்தது. கீழே ஒரு பயல் பங்களாப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கூட்டின் முன்னால் குந்தியிருந்த அழகன், திறந்துவிடுமுன் கோழிகளை இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தான். வீரய்யா இரண்டு வாளித் தண்ணீரோடு மேடேறி ஓடினான்; மூச்சு வாங்கினாலும் நிற்கவில்லை. இஸ்தோப்பில், பெரட்டுக்குப் போகுமுன் பன்னிரண்டு பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ராக்காயி என்பவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பேரை எழுதினாள். எழுதிவிட்டு, அது தன்னுடையதுதானா என்பதுபோல விரலால் தடவிப் பார்த்தாள்.

பத்திநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. ஒரு வரியும் பொய்யில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார். லியனார்டும் பெற்றீசியாவும் இந்தப் பிள்ளைகளை என்ன சொல்லித் திருத்தினார்களோ, அதைக் கேட்டுத் தானும் படித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நேரில் கண்டதை அங்கேயே எழுதிவிட நினைத்துப் பேனாவைத் திறந்து, உட்கார இடம் தேடினார். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி வீரய்யாவின் தாய் காளியாயி வந்தாள். மடித்த தாள் ஒன்றை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். முத்து முத்தான எழுத்து.

"பெரியய்யா எதுக்குங்க செரமப்படுறீங்க, லியனார்ட் ஐயாவுக்கும் அந்தம்மாவுக்கும் எழுதிக் குடுக்கிற மாதிரியே ஒங்க ரிப்போட்டையும் எம்மவன் எழுதி வச்சிட்டான், நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க, எழுதுனது பொய்யாப் போயிடக் கூடாதேன்னுதான் இந்தப் புள்ளைங்க அம்புட்டும் விடியமுன்ன இருந்து மாஞ்சு மாஞ்சு செய்யுதுங்க."