இருபத்து நாலு அறிக்கைகள்

கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் அதில் அதேதான் எழுதியிருந்தது. வரதராஜுலு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஒருவேளை மாறியிருக்குமோ என்று எடுத்து நாலாவது முறையும் படித்தான்.

"அன்புள்ள இளந்தலைவருக்கு, செயல்! நமது மன்றத்தின் இரண்டாம் ஆண்டு விழாவை, தங்கள் சீரிய உழைப்பால் பீளமேட்டில் நடந்துவரும் முதியோர் பள்ளியிலேயே நடத்துவதென்று செயற்குழு ஏகமனதாக முடிவு செய்துள்ளது. வரும் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு நாற்பது பேர் பஸ்ஸில் வருகிறோம். தங்கள் மாணவர்கள் முப்பத்திரண்டு பேரையும் காணத் துடிக்கிறோம். தங்கள் மில் மேனேஜர் தலைமை தாங்க இசைந்துள்ளார். இங்ஙனம், லட்சுமிநாராயணன், செயலாளர், ஆர்.எஸ்.புரம்."

இன்று புதன்கிழமை. பள்ளி என்று ஒன்று கிடையாது. மாணவர்கள் முப்பத்திரண்டு பேரும் கிடையாது.

இந்த வினை 1956-இல் அன்னூரில் ஆரம்பித்தது. ஆறு வாரம் இளந்தலைவர் பயிற்சி முகாம். விடிந்தால் தேகப்பயிற்சி, மத்தியானம் சொற்பொழிவு, சாயங்காலம் மறுபடியும் சொற்பொழிவு. ஒருவன் கையை உயர்த்தி "செயல்!" என்றால் எதிரே இருப்பவன் "செய்வோம்!" என்று கத்த வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் ரசம் கேட்பதற்கும் இதுதான் முறை. முகாம் முடிந்ததும் ஆளுக்கொரு திட்டம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பயின்றவர்கள் சேர்ந்து மன்றம் வைத்தார்கள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் ஒவ்வொருவரும் அறிக்கை அனுப்ப வேண்டும், மன்றக் கூட்டத்தில் அதை உரக்கப் படிப்பார்கள்.

அன்னூர் காளிச்சாமி பத்து எருக்குழி வெட்டியதாக எழுதினான். அவிநாசிக்காரன் ஒருவன் இருபது புகையில்லா அடுப்பு போட்டதாக எழுதினான். அடுத்த மாதமே காளிச்சாமியின் குழிகள் நாற்பது ஆயின. வரதராஜுலுவும் மனிதன்தானே.

அவன் திறந்தது முதியோர் பள்ளி. மில் லைன் வீடுகளில் கடைசி வீடு காலியாகக் கிடந்தது. அதில் கரும்பலகை மாட்டினான். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் ஒருவன் வந்தான், பெஞ்சைக் கல்யாணத்துக்கு இரவல் கேட்டு. மூன்றாம் நாள், ஆட்களின் வருகையைப் பதிகிற மில் டைம் ஆபீஸில் குமாஸ்தாவான இவனை அரைநைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாலை நாலு மணிக்குப் போனால் நடுராத்திரிக்குத்தான் வீடு. பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. ஆனால் ஐந்தாம் தேதி வந்துவிட்டதே! ஆறு மாணவர்கள் என்று எழுதி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டான். அப்புறம் பதினொன்று. ஒரே வருஷத்தில் முப்பத்திரண்டு. அதற்குமேல் போனால் அந்த அறையில் இடம் கொள்ளாது என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டான். அந்த மட்டுக்கும் நேர்மை இருந்தது.

இப்போது மில்லில் தொழிலாளர் நலப்பிரிவுக்கு ஒரு உதவியாளர் வேண்டும். பகல் வேலை, கை வைத்த நாற்காலி. "உன் ஸ்கூலைப் பாத்துட்டு விழா மேடையிலேயே அறிவிக்கறேன்" என்று மேனேஜரும் இன்று காலையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். குட்டு உடைந்தால் அந்த நாற்காலி மட்டுமல்ல, இருக்கிற ஸ்டூலும் போய்விடும். இல்லாத ஆளை எழுதிக் காட்டுகிறவனை டைம் ஆபீஸில் எந்த மில் வைத்துக்கொள்ளும்?

"ரங்கநாயகி, தொலைஞ்சேன்!"

அவன் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "நாப்பது பேருக்குக் காப்பி குடுக்க டம்ளர் இல்லீங்களே."

"டம்ளரா இப்ப பிரச்சனை? முப்பத்திரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்?"

"அதைப்பத்தித்தானுங்க நானும் ரொம்ப நாளா ஒண்ணு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். டம்ளருக்கு மட்டும் வழி பண்ணு."

அவள் டம்ளருக்கு வழி பண்ணப் போனாள். இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தான்.

கலீல் ரஹ்மான் அவனுடைய பால்ய சிநேகிதன். அச்சாபீஸில் தலைமைக் கம்பாசிட்டர். அச்சு எழுத்துகளைக் கோத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டான்.

"இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டறே? படிக்காதவனைப் படிக்க வெக்கறதுதான்ப்பா கஷ்டம். படிச்சவனைப் படிச்சவன்னு காட்டறதுல என்ன கஷ்டம்? நம்ம கம்பாசிட்டர் பசங்க இருபது பேர் இருக்கானுக. ஞாயித்துக்கிழமை சும்மாதான் கெடப்பானுக. ஆளுக்கு ஒரு பிரியாணி."

"இருபதுதானே ஆச்சு?"

"மிச்சம் பன்னெண்டு பேருக்குக் காய்ச்சல்."

"அதுல பதினொண்ணு பொம்பளைங்கன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன் கலீலு."

கலீல் ரஹ்மான் அடுத்த எழுத்தை எடுத்துக் கோத்தான். "பொம்பளைங்களுக்குக் காய்ச்சல் வரப்படாதா?"

சனிக்கிழமை காலையில் கடைசி வீட்டின் கதவைத் தள்ளினார்கள். பூட்டு எப்போதோ போயிருந்தது. உள்ளே ஒரு ஆடு நின்றது. அதை வெளியேற்ற அரை மணி, அது விட்டுப்போனதை வெளியேற்ற ஒரு மணி. பிறகு ஒத்திகை. கம்பாசிட்டர்கள் பாடப்புத்தகத்தைப் பட்டாசுச் சரம் மாதிரி வாசித்துத் தள்ளினார்கள்.

"மெதுவா! இப்பத்தான் கத்துக்கிட்டவிங்க நீங்க! திக்கோணும்!" என்று வரதராஜுலு அலறினான்.

"எங்களுக்குத் திக்காதுங்க" என்றான் சுப்பையன். பதினைந்து வருஷம் எழுத்து கோத்தவன். கொஞ்சம் ரோஷக்காரன். "திக்கினா மொதலாளி வேலையை விட்டுத் தூக்கிப்போடுவாருங்க."

பார்க்கவும் அவர்கள் மில் ஆட்கள் மாதிரி இல்லை. எல்லோர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. அதற்குக் கலீல் ரஹ்மான் வழி சொன்னான். கழிவுப் பஞ்சு ஒரு கூடை வாங்கி எல்லோர் தலையிலும் தூவினார்கள். ஐந்தே நிமிஷத்தில் இருபது பேரும் தும்ம ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வரைக்கும் அது நிற்கவில்லை.

மூன்று மணிக்கு பஸ் வந்தது. நாற்பது இளந்தலைவர்கள் குதித்து இறங்கி, நாற்பது கைகளை உயர்த்தி, "செயல்!" என்று முழங்கினார்கள்.

"செய்... ஹச்!" என்றது பள்ளி.

மேனேஜர் காரில் வந்து இறங்கினார். லைன் வீட்டு ஜனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. கழிவுப் பஞ்சு பிரிக்கிற பெண்கள், அன்றைக்கு லீவு என்பதால், இடுப்பில் விறகுக் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரங்கநாயகி எங்கிருந்தோ நாற்பது டம்ளர் கொண்டுவந்திருந்தாள்.

செயலாளர் லட்சுமிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தோழர்களே! நேத்து வரைக்கும் கைநாட்டு வெச்ச இந்தக் கைகள்... யாராவது ஒருத்தர் படிங்க பார்க்கலாம்."

சுப்பையன் எழுந்து புத்தகத்தைப் பிரித்தான். "ஆடு... மாடு..." என்று அழகாகத் திக்கினான். வரதராஜுலுவுக்கு மூச்சு வந்தது. மூன்றாவது வரியில் சுப்பையன் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்தான். "ஏனுங்க, இதை ஆரு அடிச்சது? எழுத்தெல்லாம் தேஞ்ச எழுத்து. மார்ஜின் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுது."

கூட்டத்திலிருந்து அன்னூர் காளிச்சாமி எழுந்தான். "ஏனுங்க, உங்களை எங்கியோ பாத்திருக்கேனே. என்ற கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து கோத்தவர் நீங்கதானுங்களே! பொண்ணு பேருக்குப் பதிலா மாமியா பேரைப் போட்டு உட்டீங்களே!"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரதராஜுலு பாய்ந்து முன்னே வந்தான்.

"ஆமாங்க! இவரு அச்சாபீஸ்லதான் வேலை பாக்கறாரு! எங்க பள்ளிக்கூடத்துல படிச்சுத்தானுங்க அந்த வேலையே கெடைச்சது!"

"எனக்குக் கல்யாணமாகி மூணு வருஷமாச்சுங்களே" என்றான் காளிச்சாமி. "பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தானுங்களே ஆச்சு?"

ஒரு நொடிதான். வரதராஜுலுவின் மூளை அவனுக்கே தெரியாமல் வேலை செய்தது.

"அதனாலதானுங்க மாமியா பேரைப் போட்டாரு! அப்ப அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க! அந்த அவமானத்துலதான் இங்க வந்து சேந்தாரு!"

நாற்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். லட்சுமிநாராயணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளிப்படையாகவே அழுதார். காளிச்சாமி ஓடிவந்து சுப்பையனைக் கட்டிக்கொண்டான். "இது தெரியாம உங்களை என்னென்னவோ பேசிப்போட்டேனுங்க!"

"எனக்கா படிக்கத் தெரியாது?" என்று சுப்பையன் திமிறினான். "பதினஞ்சு வருஷமா..." கலீல் ரஹ்மான் அவன் காலை மிதித்தான்.

மேனேஜர் மட்டும் கை தட்டவில்லை. "ஏப்பா வரதராஜுலு, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்குங்க."

"ரெண்டு வருஷமா நீ அரைநைட். ஆறு மணிக்கு என் மில்லுல டைம் ஆபீஸ்ல உக்காந்திருக்கே. இங்க பாடம் நடத்தறது உன் ஆவியா?"

ஒரு தும்மல்கூட இல்லை. வரதராஜுலு நாலு பக்கமும் பார்த்தான். தட்டும் டம்ளருமாக நின்ற ரங்கநாயகி கண்ணில் பட்டாள்.

"என்ற சம்சாரமுங்க! அவதான் பாடம் நடத்தறா! நான் மேற்பார்வைங்க!"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. சொன்ன பிறகுதான் வரதராஜுலுவுக்கு உறைத்தது. இவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லையே!

ரங்கநாயகி தட்டைக் கீழே வைத்தாள். "ஆமாங்க. நான்தான் சொல்லிக் குடுக்கறேன். இங்க இல்லீங்க, எங்க ஊட்டுல."

"பெண்கள் பதினொரு பேர்னு அறிக்கையில இருக்கே, அம்மா?" என்றார் செயலாளர் ஆவலாக.

"அது தப்புங்க. பதிமூணு பேரு."

பொய் சொல்வதில் இவள் நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் போலிருக்கிறதே என்று வரதராஜுலு அசந்துபோனான். கூடவே பயமும் வந்தது. பதினொன்றுக்கே வழியில்லை, இவள் இரண்டு கூட்டுகிறாள்!

மேனேஜர் எழுந்தார். "புத்தகத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறது பெரிசில்ல. கையில எழுதினதைப் படிக்கட்டும். இருந்தா குடுங்க."

லட்சுமிநாராயணன் மன்றத்துக் கோப்பைத் திறந்து வரதராஜுலுவின் அறிக்கை ஒன்றை உருவினார். அதைப் பார்த்ததும் வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டான். அவன் கையெழுத்து உலகப் பிரசித்தம். ஒரு வாரம் கழித்து அவனாலேயே அதைப் படிக்க முடியாது.

"இப்படிக் குடுங்க! எனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதான்னு காட்டிப்போடறேன்!" என்று சுப்பையன் பிடுங்கினான். "பேரன்... பேரன்பு... இது என்ன, ளகரமா, புழுவா?" திருப்பிப் பிடித்தான். தள்ளிப் பிடித்தான். கலீல் ரஹ்மானிடம் நீட்டினான். தலைமைக் கம்பாசிட்டர் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கித் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் டிராமா!" என்றார் மேனேஜர். "நாளைக்குக் காலையில ஆபீஸ்ல வந்து என்னைப் பாரு வரதராஜுலு."

"ஒரு நிமிஷமுங்க" என்றாள் ரங்கநாயகி. வாசல் பக்கம் திரும்பினாள். "மயிலாத்தா, நீ வா கண்ணு."

மயிலாத்தாள் கழிவுப் பஞ்சு பிரிக்கிறவள். சம்பள நாளில் டைம் ஆபீஸ் ஜன்னலில் நீலமசியில் பெருவிரலை அமுக்கிவிட்டுப் போகிறவள். எழுதத் தெரியுமா என்று கேட்காமலே அந்த மசி டப்பியை நீட்டுகிறவனே வரதராஜுலுதான். சரி, ரங்கநாயகிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவன் முடிவு கட்டினான்.

மயிலாத்தாள் கூடையை இறக்கி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"பேரன்புடையீர், செயல். இம்மாதம் நமது பள்ளியில் முப்பத்திரண்டு பேர் எழுத்தறிவு பெற்றனர். அடைமழையிலும் ஒருவர்கூட வரத் தவறவில்லை. அவர்தம் கண்களில் அறிவுச்சுடர் வீசுவதைக் கண்டு அடியேன் ஆனந்தக் கண்ணீர் உகுத்தேன்."

எங்கேயும் திக்கவில்லை. ஆனந்தக் கண்ணீரிடம் குரலைக்கூடக் கொஞ்சம் இறக்கினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் முடித்துவிட்டு, "அடுத்ததையும் படிக்கட்டுங்களா?" என்றாள்.

அப்புறம் யார் எதைப் பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது பேரும் "செயல்! செயல்!" என்று குதித்தார்கள். காளிச்சாமி இந்தத் தடவை கலீல் ரஹ்மானைக் கட்டிக்கொண்டான். தும்மல் மறுபடி ஆரம்பித்தது. மேனேஜர் கையை உயர்த்தி அமைதி வாங்க மூன்று நிமிஷம் ஆயிற்று.

"நலப்பிரிவு உதவியாளர் வேலையை இங்கேயே அறிவிக்கறதாச் சொல்லியிருந்தேன்" என்றார்.

வரதராஜுலு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"பாடம் நடத்தறவங்களுக்குத்தான் அந்த வேலை. ரங்கநாயகி அம்மா நாளையிலேர்ந்து வரட்டும். நீ அரைநைட்டையே பாரு. மேற்பார்வை பண்ணு."

வைத்த அடியை அவன் பின்னால் எடுத்துக்கொண்டான். வேலை போகவில்லை, அதுவே பெரிது. பஸ் புறப்பட்டது. கம்பாசிட்டர்கள் பிரியாணிக்குக் கிளம்பினார்கள். எல்லாம் சரி, ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளிடம் ஓடினான்.

"மயிலாத்தா, நில்லு! தலைமைக் கம்பாசிட்டரே தோத்துப்போன எழுத்து அது. நீ எப்படிப் படிச்சே?"

"வேற எழுத்து எங்களுக்கு ஆருங்க காட்டினா? நீங்க அரைநைட்டுக்குப் போனதும் அம்மணி உங்க ரிப்போர்ட்டு நகலை எடுத்து வெச்சுத்தானுங்க பாடம் நடத்துவாங்க" என்றாள் மயிலாத்தாள். "நாங்க பதிமூணு பேரும் மொதமொதல்ல எழுத்துக் கூட்டிப் படிச்சதே நீங்க எழுதின பொய்யைத்தானுங்க!"