முல்லை மன்றத்துக்கு வந்த ஒருத்தி

“எங்களுக்கு ஒரே ஒருத்தியா?” என்று ஸ்வர்ணா போனிலேயே பாய்ந்தாள்.

ஆக்லாந்தில் தமிழ்ப் பெண்களுக்கு மூன்று மன்றங்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக மூன்றும் குடுமிப்பிடிச் சண்டை போட்டதில் ஓர் ஏற்பாடு பிறந்தது. சேர விரும்புகிறவர்கள் எந்த மன்றம் வேண்டும் என்று பொதுச் செயலாளர் மாகிரட்டிடம் சொல்ல வேண்டும். மன்றங்கள் எப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மாகிரட் பொருத்தம் பார்த்துப் பங்கிடுவார். ஒரு மன்றம் நிரம்பிவிட்டால், மிச்சப் பேர் ஆள் குறைந்த மன்றத்துக்கு.

முல்லை மன்றத் தலைவி ஸ்வர்ணா, வேண்டியவர்களைச் சொன்னதைவிட வேண்டாதவர்களைச் சொன்னதே அதிகம். வாடகை வீட்டுக்காரி வேண்டாம். கிடங்கில் வேலை செய்பவள் வேண்டவே வேண்டாம். பெண் பார்க்கப் போன மாமியார்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டாள்.

“டாக்டருங்க யாருமே இல்லையா?”

“அவையள் உங்களைக் கேக்கேல்லை, ஸ்வர்ணா. மற்ற ரெண்டு மன்றமும் நிரம்பி வழியுது.”

“அங்க யார் யார் சேர்ந்திருக்காங்க?”

“பேர் சொல்லக்கூடாது எண்டு சட்டம் போட்டதே நீங்கள்தானே.”

தீபாவளி விழாவின் முதல் கும்மி முல்லையுடையது. அதன் நடுவில் நிற்பதற்காகவே ஸ்வர்ணா வருஷம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆள் குறைந்தால் கும்மி கைமாறிவிடும்.

“சரி, வாடகை வீடானாலும் பரவாயில்ல. அனுப்புங்க.”

“எல்லாரையும் பிரிச்சுக் குடுத்தாச்சு. இனி மற்ற மன்றத்து ஆளை இழுத்தா, கும்மி போயிடும்.”

மானம் காக்க வேண்டுமே. விழாக் குழுவை அழைத்து, “இந்த வருஷம் ரெட்டை வட்டக் கும்மி” என்று அளந்துவிட்டாள். அவர்களும் நம்பி விளம்பரத்தில் போட்டார்கள். இப்போது வேண்டிய ஆள் இரண்டு மடங்கு.

உடனே பழைய உறுப்பினர்களுக்கு வாட்ஸப்பில் ஆணை பறந்தது: ஆளுக்கு ஒருத்தியைக் கூட்டிவராவிட்டால் கடைசி வரிசைதான். எல்லோரும் பவ்யமாகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பயம் இருக்கத்தான் செய்கிறது என்று ஸ்வர்ணா பூரித்தாள். அசடுகளுக்குப் பூரிப்பு சீக்கிரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை, எல்லர்ஸ்லியில் வாடகைக்குப் பிடித்த மண்டபத்தில் ஒத்திகை. வந்தவள் அந்தப் புது உறுப்பினர் மஹதி மட்டும்.

“பழையவங்க வந்துடுவாங்க,” என்றாள் ஸ்வர்ணா. சும்மா இருக்க வாய் விடவில்லை. “உனக்கு எங்கே வேலை?”

“ஈஸ்ட் டாமாக்கில. கிடங்குல பெட்டி கட்டுற வேலை அக்கா.”

“வீடு?”

“ரானுயி. வாடகைதான்.”

ஸ்வர்ணா கசப்பு மருந்தைப் போல அதை விழுங்கினாள். வாசலை எட்டிப் பார்த்தாள். ஒரு காரும் வரவில்லை. கிடைத்தவளையாவது விரட்டாமல் இருப்போம் என்று பெரிய மனசு பண்ணிச் சிரித்தாள்.

“போகட்டும். இருக்கிற மன்றத்துல நல்லதாப் பார்த்துக் கேட்டிருக்கே. புத்திசாலிதான்.”

“ஐயோ, நான் உங்களைக் கேட்கவே இல்லக்கா,” என்றாள் மஹதி. “மத்த ரெண்டையும்தான் கேட்டேன். உங்க பழைய ஆளுங்க மொத்தமும் அங்க போய்ப் புதுசாச் சேர்ந்துட்டதால, எனக்கு இடமில்லாமப் போச்சு.”