கிஸ்மிஸுக்கு மட்டும் திறக்கும் கதவு

உத்தமபாளையம்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கம்பம், சம்மந்தி அபுபக்கர் ராவுத்தர் அவர்களின் சமூகத்துக்கு, அப்துல் வாஹித் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும், என் இல்லாள் சுல்தான் பீவியும், உங்கள் மருமகன் ரபீக்கும், உங்கள் மகள் ஷர்மினும், இப்போதுதான் குப்புற விழப் பழகி அதையே நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் நம் பேரனும் இறைவன் கிருபையால் நலம். அங்கே தாங்களும் வீட்டாரும், தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். முழங்கால் வலி நலமாக இருக்க வேண்டாம், குறைந்திருக்கட்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒன்றரை மாதமாக நான் கூப்பிடும்போதெல்லாம், பேரனைப் பற்றிப் பேசும்வரை கணீரென்று கேட்கும் உங்கள் குரல், நான் ‘பூனை’ என்றதும் டவர் இல்லாமல் போய்விடுகிறது. கம்பத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் டவர் கிடைப்பதில்லை போலும். ஆகவே கடிதம். இதைப் பாதியில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் இந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்: ஜெயித்துவிட்டோம், சம்மந்தி. கிஸ்மிஸ் குற்றமற்றது என்று இன்று மதியம் ஒன்றரை மணிக்குச் சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அன்று நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள் என்றாலும், கோபத்தில் இருந்ததால் சில விவரங்கள் விட்டுப்போயிருக்கலாம். மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்த மகளையும் பேரனையும், மகள் செல்லமாக வளர்த்த பூனை கிஸ்மிஸையும் நீங்கள் கொண்டுவந்து விட்ட நாள் அது. வரும்போது குமுளியில் இருந்து தருவித்த நெய்மீனும் கொண்டுவந்தீர்கள். சுல்தான் பீவி எட்டுத் துண்டு பொரித்து மூடி வைத்தாள். உங்களுக்கு மீனும், பொரித்ததை டாக்டர் விலக்கி வைத்திருக்கிற எனக்கு அவித்த சுரைக்காயும் என்பது அன்றைய ஏற்பாடு. நீங்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஐந்துதான் இருந்தது. சபையில் யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? நான்தான் முந்திக்கொண்டு, “ஒருவேளை புதுசா வந்த பூனையா இருக்கும் சம்மந்தி” என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். “நாங்க பிள்ளையத்தான் குடுத்தோம், களவாணியக் குடுக்கல. எம் பூனைக்கு நல்ல பேரு திரும்புற வரைக்கும் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்” என்றீர்கள். ஐந்து துண்டும் ஆறிப்போக, கையில் இருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினீர்கள்.

அதிலிருந்து ஷர்மின் எனக்குத் தேத்தண்ணி வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பேரனுக்கு முடி இறக்கி அகீகா விருந்து வைத்திருக்கிறோம். பெண்ணைக் கொடுத்த பாட்டனார் இல்லாமல் பேரன் விருந்து நடந்தால் உத்தமபாளையத்தில் ஒருவரும் என்னிடம் நேரில் கேட்க மாட்டார்கள், அதுதான் பயம். நானோ, அடுப்படிப் பின்கதவு கிஸ்மிஸுக்காக ஒருக்களித்தே கிடக்கிறது, கறிக்கடை வாசலில் சுற்றுகிற அந்தச் சாம்பல் கடுவன் பூனைதான் உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று என் வாக்குமூலத்தை மாற்றிப் பார்த்தேன். யாரும் ஏற்கவில்லை. அப்போதுதான் ரபீக் சொன்னான்: “அத்தா, நீங்க சொன்னா மாமா நம்ப மாட்டாக. மிஷினு சொன்னா நம்புவாக.”

லண்டனில் இருந்து வந்த அவன் சிநேகிதன் மூலம் ஒரு பூனைக்கதவு தருவித்தான். பெரிய கதவுக்குள் பொருத்துகிற சின்னக் கதவு. பூனையின் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கவேண்டும். வெளியே இருந்து பூனை தலையை நீட்டினால் கதவு சிப்பைப் படித்துப் பார்த்து, நம் பூனையென்றால் ‘டிக்’ என்று திறக்கும். ஊரான் பூனையென்றால் திறக்காது. எந்த நேரம் போனது, எந்த நேரம் வந்தது என்று போனுக்கும் எழுதி அனுப்பிவிடும். இதை நான் வாழைக்காய் மண்டியில் வைத்துப் பேசியது தப்பாகப் போயிற்று. “பூனைக்கு ஒரு சிப்பு வைக்கணும்ப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கு முன்னால் இரண்டு சீப்பு நாழிப்பூவன் பழம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மண்டி ஆள் ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டேன். “ஒரு சீப்பு பத்தாதுன்னு ரெண்டா அனுப்பிச்சேன் பாய். பூனை பழம் திங்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியல” என்றான். வாழைக்காய் வியாபாரி வாயில் சிப்பும் சீப்பும் ஒன்றாகத்தான் வரும், அவனைக் குறை சொல்ல முடியாது.

ஓடைப்பட்டித் திராட்சை வந்த கூடை ஒன்றில் கிஸ்மிஸை உட்காரவைத்து, மேலே வலை கட்டி, தேனி பஸ் ஏறினோம். அது சின்னமனூர் வரை ஒரே மூச்சில் கத்தியதில் எங்களைச் சுற்றி நாலு சீட் காலியாகி, கால் நீட்டி வசதியாகப் போனோம். கூடையைப் பிடிக்க ரபீக், தலையைத் தடவ ஷர்மின், டிக்கெட் எடுக்க நான். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அன்றுகூட இத்தனை பேர் துணைக்கு வரவில்லை. கால்நடை டாக்டர் பிடரியில் ஊசியை வைத்து எடுத்தார், முடிந்தது. பதினைந்து இலக்க எண் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சம்மந்தி, அரசாங்கம் எனக்குக் கொடுத்திருப்பதே பன்னிரண்டு இலக்கம்தான்.

அடுப்படிப் பின்கதவில் அதைப் பொருத்த ஆசாரி கர்ணனைக் கூப்பிட்டோம். கர்ணன் கெட்டிக்காரர், கூட நின்று மேற்பார்வை பார்த்தவன் நான். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று அவர் கேட்டார். பெட்டியில் இருந்த படத்தில் பூனையின் வால் தெரிகிற பக்கம்தான் வெளிப்பக்கம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். படத்துப் பூனை வீட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பஜர் தொழுது விட்டு வந்தால் அடுப்படியில் சுல்தான் பீவி கையில் கரண்டியோடு நிற்கிறாள். “ரபீக்கத்தா, கடுவன் உள்ள இருக்கு. போகச் சொன்னா போகமாட்டேங்குது.” அது எப்படிப் போகும்? கதவை உள்வெளி மாற்றிப் பொருத்தியதில், உள்ளே வர யாருக்கும் தடையில்லை, வெளியே போகத்தான் சிப் வேண்டும் என்று ஆகியிருந்தது. வருகிறவரை எல்லாம் வரவேற்று ஒருவரையும் போகவிடாத உங்கள் வீட்டு உபசாரம் மாதிரி. பால் சட்டி கவிழ்ந்து, மல்லித்தூள் டப்பா உருண்டு, கடுவன் புகைப்போக்கி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. பெரிய கதவைத் திறந்துவிட்டு, நான் மரியாதையாக ஒதுங்கி நின்ற பிறகுதான் இறங்கிப் போனது.

கர்ணன் வந்து திருப்பி மாட்டினார், படம் போட்ட பெட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் வலித்தது. அடுத்து கிஸ்மிஸ் அந்த ‘டிக்’ சத்தத்துக்குப் பயந்து கிட்டவே போகவில்லை. ஷர்மின் உள்ளே இருந்து நெத்திலிக் கருவாட்டை ஆட்டிக் காட்டினாள், ம்ஹூம். யாராவது செய்து காட்டினால் பழகிக்கொள்ளும் என்று தோன்றியதால், கொல்லைப்பக்கம் நான் மண்டி போட்டு, நாலு காலில் போய், மூக்கால் கதவைத் தள்ளிக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, திறக்கவில்லை. அந்நேரம் பக்கத்து வீட்டு அருளப்பன் சார், உங்களுக்குத் தெரியுமே, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன பாய், உங்க வீட்லயே உங்கள உள்ள விட மாட்டேங்குறாகளா?” என்றார். நான் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டு, மழை வரும்போல் இருக்கிறது என்றேன். ஆனால் பாருங்கள், நான் நகர்ந்ததும் கிஸ்மிஸ் மெல்ல வந்தது. தலையை நீட்டியது. பச்சை விளக்கு, ‘டிக்’, உள்ளே. ஒரு மாதத்துக்குப் பிறகு ஷர்மின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று நான் ஆராயவில்லை.

கடுவன் மூன்று நாள் வந்து முட்டிப் பார்த்துவிட்டு, இப்போது மறுபடி கறிக்கடை வாசலோடு சரி. ஆக, வீட்டுக்குள் நுழையக்கூடிய பூனை கிஸ்மிஸ் ஒன்றுதான் என்று ஆயிற்று. இனி சோதனை. இன்று அதே நெய்மீன், அதே எட்டுத் துண்டு. சுல்தான் பீவி எல்லோர் முன்னாலும் எண்ணி, அதே மூடி போட்டு வைத்தாள். பேரனுக்குச் சளி என்று ரபீக்கும் ஷர்மினும் அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு சுல்தான் பீவி லுஹர் தொழ உள்ளறைக்குப் போனாள். நான் முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்ததும் மூடியைத் திறந்தோம். ஐந்து.

ஷர்மினின் முகம் போன போக்கை எனக்கே பார்க்க முடியவில்லை. அப்போது ரபீக் போனை எடுத்தான். கிஸ்மிஸ் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வெளியே போயிருக்கிறது. ஒன்று இருபத்தாறுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. சுல்தான் பீவி மூடி போட்டதே பன்னிரண்டரைக்கு. நடுவில் ஓர் ஈ எறும்புகூட அந்தக் கதவு வழியாக வரவில்லை. மீன் களவு போன நேரத்தில் உங்கள் கிஸ்மிஸ், அருளப்பன் சார் வீட்டுக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “பாத்தீகளா மாமா, பாத்தீகளா” என்று ஷர்மின் பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாயில்லா ஜீவனின் மானத்தை மீட்டுக் கொடுத்தோமே என்ற நிறைவு.

அப்படியானால் மீனைத் தின்றது யார் என்று நீங்கள் கேட்கக்கூடாது. நம் வழக்கு கிஸ்மிஸ் தின்றதா இல்லையா என்பது மட்டும்தான், அது தீர்ந்தது. காக்கையாக இருக்கலாம். இந்த ஊர்க் காக்கைகள் மூடியைத் திறக்கப் பழகிவிட்டதாகக் கேள்வி. திறந்த காக்கை திரும்ப மூடியும் வைத்தது கொஞ்சம் அதிகமான பண்பாடுதான், இருந்தாலும் உலகத்தில் நடக்காததா. சுல்தான் பீவி மட்டும் மதியத்தில் இருந்து என்னை ஒரு மாதிரி யோசனையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெருமையாகத்தான் இருக்கும்.

ஆகவே சம்மந்தி, நீங்கள் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டாரோடு வந்து, நம் பேரன் தலையில் கை வைத்து துஆ செய்து, இந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். அல்லாஹ் உங்கள் முழங்காலுக்கு வலுவும், உங்கள் மனதுக்கு இளக்கமும் தருவானாக. வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், சின்னவர்களுக்கு என் பிரியமும்.

தங்கள் அன்புச் சம்மந்தி,
அப்துல் வாஹித்.

பி.கு.: இது புதன்கிழமை காலையில், சுல்தான் பீவி பக்கத்தில் நின்றுகொண்டிருக்க எழுதுவது. தபாலில் போடும்படி கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். “நேத்து அந்நேரம் வீட்ல இருந்தது மூணு உசுரு. ஒண்ணு வெளிய கெடந்துச்சுன்னு மிஷினு சொல்லுது. ஒண்ணு தொழுதுகிட்டு இருந்துச்சு. மிச்சம் யாரு ரபீக்கத்தா?” என்று கேட்டாள். ரபீக் இத்தனை செலவழித்து வாங்கிய மிஷின் பூனையை விடுவித்த கையோடு என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. நேற்று மூன்று துண்டும் நான்தான், சம்மந்தி. நீங்கள் வந்த அன்று மூன்று துண்டும் நான்தான். இரண்டு வருடச் சுரைக்காய் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று சுரைக்காய் தின்னாதவர்களுக்குத் தெரியாது. கர்ணன் இப்போது அடுப்படி உள்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறார், எது உள்பக்கம் என்று இன்று என்னைக் கேட்கவில்லை. இந்த வீட்டில் அடுப்படிக்குள் போகிற உரிமை கிஸ்மிஸுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. இதைப் படித்தும் நீங்கள் வருவீர்கள் என்று ஷர்மின் சொல்கிறாள். வந்தால், விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவோமே, அப்போது என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். (இந்த இடத்தில் சுல்தான் பீவி பால் பொங்குகிறது என்று உள்ளே போயிருக்கிறாள்.) ஒரே தட்டில் நாலு கை போனால், எந்தத் துண்டை யார் எடுத்தது என்று லண்டன் மிஷினாலும் சொல்ல முடியாது.