கைத்துப்பாக்கிக்கு ஓர் ஆட்சேபனை மனு

வடிவேல் ஆபீசில் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் இரண்டே வார்த்தை.

"துப்பாக்கி சுடறதுல ஆசை உண்டாய்யா?" என்று சூப்பரிண்டெண்ட் தணிகாசலம் கேட்டார்.

"உண்டு சார்" என்றான் வடிவேல்.

சொன்ன வாய் அவனுடையதுதான். சொல்ல வைத்தது ஏனாம் என்கிற ஊர்.

தணிகாசலம் வார நாட்களில் கோப்புகளை ஆள்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ்பேட்டையில் ஒரு துப்பாக்கி கிளப்பை ஆள்பவர். கிளப்புக்கு ஆள் சேர்ப்பது அவருக்கு ஒரு வெறி. போன வருஷம் இதே கேள்விக்கு, "எனக்குக் கேரம்தான் சார் பிடிக்கும்" என்று இராமதாஸ் உண்மையைச் சொன்னான். அடுத்த மாதமே அவனுக்கு, எங்கோ தெலுங்கு பேசும் ஊர்களுக்கு நடுவில் கிடக்கும் ஏனாமுக்கு மாற்றல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள், தணிகாசலத்தின் காதில் விழும்படி. இராமதாஸ் இப்போது தெலுங்கில் கடிதம் போடுகிறான்.

வடிவேல் மில் தொழிலாளி வீட்டில் பி.ஏ. படித்த முதல் ஆள். கல்யாணமாகி எட்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் கோப்பு தணிகாசலத்தின் மேசை டிராயரில் படுத்திருந்தது. அது எழுந்து உட்காருமா, இவனை ஏனாமுக்கு அனுப்புமா என்பது அவர் கையில்.

துப்பாக்கி என்றால் அவனுக்குப் பயம் என்று சொன்னால் அது பயத்துக்கே அவமானம். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் தேசிய விழாவுக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை நடக்கும்போது அவன் அரியாங்குப்பத்து அத்தை வீட்டுக்குப் போய்விடுவான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயும் ஜன்னலைச் சாத்திக்கொள்வான். தெருவில் சைக்கிள் டியூப் வெடித்தால், நெஞ்சைத் தொட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வா" என்றார் தணிகாசலம். "மேசையில மூணு வச்சிருப்பேன். எடுத்துப் பாரு, சுட்டுப் பாரு. உனக்கு எது சரிப்படும்னு சொல்லு. லைசென்சுக்கு நானே எழுதறேன்."

கூடவே கிளப்பின் விதிகள் அச்சடித்த தாளையும் கொடுத்தார். அதை இதுவரை யாரும் படித்ததில்லை. வடிவேல் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கிறவன். ஒன்பதாம் விதிக்கு வந்ததும் அவன் உயிரும் திரும்பி வந்தது.

'மணமானவர்கள் மனைவியை நேரில் அழைத்து வந்து சம்மதம் பெற வேண்டும். மனைவி ஆட்சேபித்தால் சேர்த்துக்கொள்ள இயலாது.'

இந்த விதியைத் தணிகாசலமே மீற மாட்டார். எழுதச் சொன்னது அவருடைய மனைவி என்று ஆபீசில் ஒரு பேச்சு இருந்தது.

போதும். சந்திரகலா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. ஆசை இருந்தும் கொடுத்துவைக்காதவன் என்று தணிகாசலம் பரிதாபப்படுவார். பரிதாபப்பட்டவனை யாராவது ஏனாமுக்கு அனுப்புவார்களா?

அன்று சாயங்காலம் சந்திரகலா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவேல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றான்.

"கலா, நான் கைத்துப்பாக்கி வாங்கப் போறேன்."

"யாரைச் சுட?"

"யாரையும் இல்ல. விளையாட்டுக்கு. காயிதத்துல வட்டம் போட்டு வச்சிருப்பாங்க. அதைச் சுடணும்."

"அந்தக் காயிதம் உங்கள என்னா பண்ணிச்சு?"

முறம் நிற்கவில்லை. வடிவேல் பயமுறுத்த ஆரம்பித்தான்.

"மூணு தினுசு இருக்குது. ஒண்ணு காத்துத் துப்பாக்கி. சின்ன ஈயக் குண்டுதான். ஆனா கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

"ம்."

"ரெண்டாவது ரிவால்வர். உருளையில வரிசையா தோட்டா. வெடிச்சா ரெண்டு நாளைக்குக் காது ஙொய்னு கெடக்கும்."

"ம்."

"மூணாவது பிஸ்டல். ஒண்ணு சுட்டா அடுத்த குண்டு தானா ஏறிக்கும். கையில வச்சிருக்கிறவனே அத மறந்துட்டு..." அவனுக்கே நாக்கு உலர்ந்துவிட்டது. "கலா, கொஞ்சம் தண்ணி குடு."

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து கேட்டாள்:

"மொதமொதல்ல பழகறவங்களுக்கு இதுல எதுங்க தோது?"

"அது வந்து, ரொம்ப உதைக்காம, கைக்கு அடக்கமா... ஏய், நீ வேணாம்னுல்ல சொல்லணும்!"

"நான் ஏன் சொல்லணும்?"

வடிவேலின் பொய்க்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆயுசு கிடையாது. ஏனாம், இராமதாஸ், ஒன்பதாம் விதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சந்திரகலா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆக, பயம் உங்களுக்கு. பழி எனக்கு."

"பழி இல்ல கலா. ஆட்சேபனை."

"நாளைக்கு உங்க ஆபீசே என்னைக் கை காட்டிச் சொல்லும், புருஷனைக் கட்டிப் போட்டு வச்சிருக்கிறவ அதோ போறா பாருன்னு."

"ஏனாமுல யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்கதான். சொன்னாலும் நமக்குப் புரியாது. போயிடலாமா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எட்டு மாதப் புருஷன். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

"சரி, என்னா சொல்லணும்னு எழுதிக் குடுங்க."

வாயால் சொன்னால் போதுமே என்று இன்னொருவனாக இருந்தால் விட்டிருப்பான். வடிவேல் குமாஸ்தா. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு மூன்று தடவை திருத்தினான். 'மேற்படி என் கணவர் இளகிய மனம் படைத்தவர். எனவே அவர் துப்பாக்கி சுடுவதில் எனக்குக் கடும் ஆட்சேபனை உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கார்பன் வைத்து நகலும் எடுத்தான்.

"கையெழுத்து?"

"அங்க வந்து போடறேன். எப்பிடியும் கூட்டியாரச் சொல்லித்தான போட்டிருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா கல்யாணப் பட்டுப் புடவையில் கிளம்பினாள். ஆட்சேபிக்கப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்று வடிவேலுக்கு ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஒரு பெரிய மண்மேடு. அதற்கு முன்னால் காகித வட்டங்கள். உள்ளே யாரோ ஒரு குண்டு சுட்டார்கள். வடிவேல் வாசல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சந்திரகலா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டிப் போனாள்.

மேசையில் பச்சைத் துணி. அதன் மேல் மூன்று துப்பாக்கிகள்.

"எல்லாம் காலிதான்" என்று தணிகாசலம் திறந்து காட்டினார். "காலியா இருந்தாலும் ஆளு பக்கம் திருப்பக் கூடாது. எதைய்யா எடுக்கிற?"

வடிவேல் மனைவியைப் பார்த்து இருமினான். மனுவை நீட்ட வேண்டிய நேரம் இதுதான். அவள் முன்னால் வந்தாள். கை மடியில் இருந்த மனுவுக்குப் போகவில்லை.

"தொட்டுப் பாக்கலாங்களா சார்?"

திருக்கனூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் அவளுடையது. அங்கே அறுப்புக்கு முன்னால் சந்தையில் அரிவாள் வாங்குவது பெண்கள் வேலை. பளபளப்பைப் பார்க்க மாட்டார்கள். பிடியைப் பார்ப்பார்கள், கனத்தைப் பார்ப்பார்கள், வீசிப் பார்ப்பார்கள். சந்திரகலா துப்பாக்கியையும் அப்படியே பார்த்தாள். வீசவில்லை, அது ஒன்றுதான் குறை.

"இந்தக் காத்துத் துப்பாக்கி முன்னால கவுருது சார். இந்த ரிவால்வருக்குப் பிடி பெரிசு, எனக்கு விரல் எட்டல." மூன்றாவதாகப் பிஸ்டலை எடுத்து மண்மேட்டைப் பார்த்து நீட்டினாள். "இது நல்லா உக்காருது. குண்டு பெரிசுங்களா?"

"சின்னதும்மா. பாயிண்ட் டூ டூ. உதைக்காது." தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இங்க வர்ற பயலுவ எல்லாம் பெரிய குண்டா, பெரிய சத்தமான்னு கேப்பானுவ. பிடியைப் பாத்த மொத ஆளு நீதான். சுட்டுப் பாக்கறியா?"

எப்படி நிற்பது, எப்படிக் குறி பார்ப்பது என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். வடிவேல் சவுக்கு மரத்துக்குப் பின்னால் போய் நின்றான். ஐந்து வெடிகள். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு சாமியைக் கூப்பிட்டான். ஐந்தாவதற்குச் சாமி தீர்ந்துபோய் அத்தையைக் கூப்பிட்டான்.

முதல் குண்டு மண்ணில். இரண்டாவது காகிதத்தின் ஓரத்தில். மற்ற மூன்றும் நடு வட்டத்தில்.

"இதுக்கு முன்னால சுட்டிருக்கியாம்மா?"

"இல்லீங்க. கடலைக் கொல்லையில அணில் வெரட்டியிருக்கேன். கல்லாலதான்."

"உன் பேரைச் சேத்துக்கலாமா?"

"இருங்க சார். அதுக்கு முன்னால இது" என்று மடியிலிருந்து மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து வடிவேல் மூச்சு விட்டான்.

தணிகாசலம் படித்தார்.

"உன் வீட்டுக்காரர் சுடறதுல உனக்கு ஆட்சேபனையா?"

"ஆமாங்க. கடும் ஆட்சேபனை."

"நீ சுடறதுல?"

"அதப் பத்தி அவரு ஒண்ணும் எழுதலீங்களே."

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "யோவ் வடிவேல்! உன்னைச் சேக்க முடியாதுய்யா, விதி அப்படி. ஆனா கிளப்புக்கு நல்ல ஆளைக் கொண்டாந்திருக்க. உன் கோப்பு நாளைக்கே கையெழுத்தாவும்."

வடிவேலுக்குக் கண் கலங்கியது. வேலை நிரந்தரம். ஏனாம் இல்லை. துப்பாக்கியும் இல்லை. மனுவின் ஒவ்வொரு எழுத்தும் பலித்துவிட்டது. மரத்தை விட்டு வெளியே வந்து கும்பிட்டான்.

"சார்," என்றாள் சந்திரகலா, "அவரும் ஆசைப்பட்டு வந்தவரு. சுடாம வேற ஏதாச்சும் ஒத்தாசை பண்ணச் சொல்லுங்களேன். பாவம், தனியா வீட்டுல உக்காந்திருப்பாரு."

"இருக்கே! துப்பாக்கியத் தொடவே வேணாம். அதோ அந்த வட்டத்துக்கு நேர் கீழ ஒரு குழி இருக்குது பாரு. அதுல உக்காந்துகிட்டு, குண்டு எங்க பட்டுச்சுன்னு கம்பால காட்டணும். ஆள் கெடைக்காம ஒரு வருஷமா தவிக்கிறோம்."

"எனக்கு ஆட்சேபனை இல்லீங்க" என்றாள் சந்திரகலா.

பத்தாவது நிமிஷம் வடிவேல் குழிக்குள் இருந்தான், இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு. மேலே காற்றில் காகிதம் படபடத்தது. தூரத்திலிருந்து மனைவியின் குரல் அன்போடு வந்தது:

"என்னாங்க, தலைய மட்டும் தூக்கிடாதீங்க!"